முற்றுப்பெறாக் கதையும் காத்திருக்கும் வாசகரும்

ஆசிரியன் ஒருவன் தான் எடுத்துக்கொண்ட நூலை முடிக்குமுன் இறந்துபடின், அந்நூல் யாருக்கு உரியது? இவ்வினா புதியதன்று. வடமொழியிற் 'காதம்பரி' என்னும் உரைநடைக் காவியத்தை இயற்றிய பாணபட்டர் அதனை நிறைவு செய்யாமலே மறைந்தார். எஞ்சிய பகுதியை அவர்தம் மைந்தர் எழுதி முடித்தார். ஆங்கில நாவலாசிரியர் சார்ள்ஸ் டிக்கன்ஸ் 1870 ஆம் ஆண்டிற் காலமானபோது, எட்வின் துரூட் என்பவனைப் பற்றி அவர் எழுதிவந்த மர்மக்கதை பாதியில் நின்றது. அதனை முடித்துத் தருவோமெனப் பின்னர்ப் பலர் முன்வந்தனர். எனினும் அவர் தந்த முடிபுகளுள் ஒன்றேனும் டிக்கன்சின் முடிபாக ஏற்கப்பட்டிலது. மைந்தர் முடித்ததை ஏற்ற உலகு, அயலார் முடித்ததை ஏற்கத் தயங்கியது ஏன் என்பது சிந்திக்கற்பாலது.

இவ்வினாவை அண்மைக் காலத்தில் மீண்டும் எழுப்பியது, நம்மிற் பலர் இலக்கியமெனக் கொள்ள ஒருப்படாத ஒரு துறையைச் சார்ந்த நூலாகும். யப்பானியர் 'மங்கா' என வழங்கும் சித்திரத் தொடர்கதைகளுள் ஒன்றாகிய 'பெர்சேர்க்' என்பதே அது. மேல்வகுப்பு மாணவர் இருவர் ஒருநாள் ஓய்வுவேளையில் அதனைக் குறித்து வாதாடிக்கொண்டிருக்கக் கேட்டேன். ஆசிரியர் வரைந்த இறுதி அத்தியாயத்தோடு தான் படிப்பதை நிறுத்திவிட்டதாக ஒருவன் கூறினான். அவருடைய நண்பர் தொடர்ந்து நடத்துவதைப் படியாமல் விடுவது அவ்வாசிரியருக்கே செய்யும் துரோகம் என்றான் மற்றவன். பாடநூற் செய்யுள் எதனைக் குறித்தும் அவர்கள் அத்துணை ஆர்வத்தோடு வாதாட நான் கண்டதில்லை. அவ்வாதமே என்னை அந்நூலைப் படிக்கத் தூண்டிற்று. படித்தபின், வாசகனுடைய உரிமை யாது, கடமை யாது என்னும் பெரியதொரு வினா அவ்வாதத்தின் அடியிற் கிடப்பதைக் கண்டேன்.

நூலாசிரியராகிய கெந்தாரோ மியுரா 1966 ஆம் ஆண்டிலே யப்பானின் சிபா மாநிலத்திற் பிறந்தவர். 'பெர்சேர்க்' 1989 இல் ஒரு மாத சஞ்சிகையில் தொடங்கிப் பின்னர் 'யங் அனிமல்' என்னும் சஞ்சிகையில் வெளிவரலாயிற்று. 2002 இல் ஒசாமு தெசுக்கா பண்பாட்டுப் பரிசுகளுள் ஒன்று அதற்கு வழங்கப்பட்டது. கதைக்களம் மத்திய கால ஐரோப்பாவை ஒத்த ஒரு கற்பனை உலகம். தூக்கிலிடப்பட்ட தாயின் உடலினின்று பிறந்து, கூலிப்படைஞரிடையே வளர்ந்தவன் கட்சு. அவன், கிரிபித் என்னும் பேரழகன் தலைமை தாங்கும் பருந்துப்படையிற் சேர்ந்து புகழடைகிறான். தனக்கென ஓர் அரசை அடைதலே கிரிபித்தின் கனவு. கட்சு தன்னை விட்டுப் பிரிந்தபோது நிலைகுலைந்த கிரிபித், சிறைப்பட்டு ஓராண்டு சித்திரவதைக்கு ஆளாகி உடல் சிதைகிறான். தோழர் அவனை மீட்கின்றனர். மீட்டவர்களையே பேய்க்கணங்களுக்குப் பலியிட்டு அவன் ஒரு பேய்த்தெய்வமாக மாறுகிறான். அப்படையிலே தளபதியாய் விளங்கிய காசுகா என்னும் பெண் சித்தம் கலங்குகிறாள். ஒரு கண்ணையும் ஒரு கையையும் இழந்த கட்சு, தன் உயரத்தை ஒத்த பெருவாளை ஏந்திப் பழிவாங்கப் புறப்படுகிறான்.

பழிக்குப் பழி என்னும் ஒருவழிக் கதையாகத் தொடங்கிய இந்நூல், காலம் செல்லச் செல்ல, சினத்தாலே உயிர்வாழும் ஒருவன் அச்சினத்தை அடக்கிப் பிறரைக் காத்தல் கூடுமோ என்னும் ஆராய்ச்சியாக விரிகின்றது. இம்மாற்றமே நூலின் உயிர்நிலை. குறைகளும் இல்லாமலில்லை. கொலையும் வன்செயலும் அளவிறந்து வருதலின், இஃது இளஞ்சிறார் கையிற் கொடுக்கத்தக்க நூலன்று. காசுகாவுக்கு நேர்ந்த கொடுமையைக் கட்சுவின் சினத்துக்கு விறகாக்கியபின், அவளை இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தனக்கென ஒரு குரலின்றி வைத்திருந்தார் ஆசிரியர். அவள் மதி தெளிந்தது 2018 இல் வெளிவந்த அத்தியாயத்திலேதான். இதனைப் பெருங்குறை என்றே கொள்ளல் வேண்டும்.

இருபது ஆண்டு என்றேன். இத்தகைய தொடர்கதையின் இயல்பு அவ்வெண்ணிலேதான் விளங்குகின்றது. முடிந்த நூலைப் படிப்பவன் காலத்தைத் தன் கைக்குள் வைத்திருக்கிறான். வேண்டின் கடைசிப் பக்கத்தை முதலிற் புரட்டலாம். தொடர்கதையைப் படிப்பவனுக்கு அவ்வுரிமை இல்லை. மியுரா கோடு கோடாகச் செதுக்குவார்போல வரைந்தவர். அதனால் பிற்காலத்தில் ஓராண்டில் ஒருசில அத்தியாயங்களே வெளிவந்தன. மாதக்கணக்கான இடைவெளிகளும் நேர்ந்தன. கதையில் ஒரு கப்பற் பயணம் வருகின்றது. கதைமாந்தருக்குச் சிறுபொழுதாகிய அப்பயணம் வாசகருக்குப் பல ஆண்டுகளாக நீண்டது. "இன்னும் கப்பலிலேதான் இருக்கின்றனர்" என்பது இரசிகரிடையே வழங்கிய பரிகாசம். பதினைந்தாம் வயதில் இந்நூலைக் கையிலெடுத்தவன், காசுகா தன்னை உணர்ந்த வேளையில் நாற்பதை அணுகியிருந்தான். கட்சுவின் சினம் தணிவதை அவன் தன் சினம் தணிந்த ஆண்டுகளோடு சேர்த்தே படித்தான். காத்திருந்த காலமும் அவன் படித்த நூலின் ஒரு கூறாயிற்று.

அவ்விடைவெளிகளில் இரசிகர் வாளாவிருந்தாரல்லர். 1997 ஆம் ஆண்டு தொடங்கி 25 பகுதிகளாகத் தொலைக்காட்சியில் வந்த அசைபடம், தோழர் பலியிடப்படும் கட்டத்தோடு நின்றது. பின் நிகழ்ந்ததை அறிய விழைந்தவர் நூலையே நாடவேண்டியிருந்தது. ஆங்கிலத்தில் முறையான பதிப்பு 2003 இலேதான் தொடங்கியது. அதற்கு முன்னரே ஊதியம் கருதாத ஆர்வலர் தாமே மொழிபெயர்த்துப் பரப்பினர். அது பதிப்புரிமைக்கு மாறான செயல் என்பதை மறைத்தல் தகாது. ஆயினும் அவர்கள் செய்த பிற பணிகள் நம் கவனத்துக்குரியன. ஓர் அத்தியாயத்து ஓவியத்தைப் பத்தாண்டுக்கு முந்திய மற்றோர் ஓவியத்தோடு ஒப்புநோக்கினர். குறிப்பாற் பெறப்படுவனவற்றைத் தொகுத்தனர். ஒருவர் கொண்ட பொருளை மற்றொருவர் மறுத்தனர். உரையாசிரியர் தொழிலும் இதுவே அன்றோ? ஆசிரியர் உயிரோடிருக்க, நூல் முடியாதிருக்க, உரை மட்டும் முன்னே ஓடிற்று என்பதே வேறுபாடு.

உரைகாரருடைய உரிமையின் எல்லையைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. பலியீட்டுப் பகுதியில், சஞ்சிகையில் வெளிவந்த 83 ஆம் அத்தியாயத்தை மியுரா நூல்வடிவத் தொகுதியிற் சேர்க்காது நீக்கினார். மாந்தர் தம் துன்பத்துக்குக் காரணம் ஒன்று வேண்டும் என ஏங்கினர். அவ்வேக்கமே திரண்டு, துன்பத்தை விதிக்கும் ஒரு தெய்வமாயிற்று என்பது அவ்வத்தியாயத்தின் பொருள். கதையின் மறைபொருள் அளவுக்கு மீறி வெளிப்பட்டுவிட்டது எனக் கருதியே அவர் அதனை விலக்கினார். இரசிகரோ அதனை மறக்கவில்லை. பிரதிகளைப் பேணினர், மொழிபெயர்த்தனர், புதிய வாசகருக்கும் காட்டினர். இதனால் ஒரு முரண்பாடு பிறந்தது. நூலில் இல்லாத அத்தியாயம் வாசகர் உள்ளத்தில் இருந்தது. அதனைக் கொண்டே பின்வந்த பகுதிகளுக்குப் பொருள் கூறுவாரும், ஆசிரியர் விலக்கியதை நாமும் விலக்குதல் வேண்டுமென்பாரும் என இருசாரார் தோன்றினர். என் கருத்தில், படித்ததைப் படியாததாக்குதல் எவர்க்கும் இயலாது; ஆனால் ஆசிரியர் மௌனம் காக்க விரும்பிய இடத்தில் அவர் பேசியதாகச் சாதித்தல் முறையாகாது. அறிந்துவைத்தல் வேறு, சான்றாக நிறுத்துதல் வேறு.

2021 ஆம் ஆண்டு மே மாதம் 6 ஆம் நாள், பெருநாடி கிழிந்தமையால், தமது 54 ஆம் வயதில் மியுரா காலமானார். இச்செய்தி இரு வாரத்தின் பின்னரே உலகுக்கு அறிவிக்கப்பட்டது. கப்பற் பரிகாசம் பேசியோர் நாவடங்கினர். இணையவழி விளையாடப்படும் ஒரு விளையாட்டிலே, பெருவாள் தாங்கும் கரிய வீரரின் வேடம் பூண்ட பல்லாயிரம் மைல் இடைவெளியிலுள்ளோர், அவ்விளையாட்டுலகின் நகர வீதிகளில் அணிவகுத்து அசையாது நின்று அஞ்சலி செலுத்தினர். ஒருவர் பெயரை ஒருவர் அறியாதவர்கள் அவர்கள். ஆசிரியர் விரைந்து எழுதவில்லை என்று குறைகூறியவர்களும் அவ்வணியில் நின்றிருத்தல் கூடும். இரசிகரின் அன்பிலே உரிமைகோரும் குணமும் கலந்திருப்பது உண்மை. 'எமக்குத் தரவேண்டியதைத் தரவில்லை' என்னும் அக்குறைகூறல், தருபவர் நம்மைப்போல நோவும் மூப்பும் உடையவர் என்பதை மறந்து எழுவது.

அவர் இறுதியாகப் பணிபுரிந்த 364 ஆம் அத்தியாயம் அவ்வாண்டு செப்டெம்பரில் வெளிவந்தது. எஞ்சிய வேலையை அவருடைய உதவியாளரே செய்து முடித்தனர். முழுநிலா இரவுகளில் மட்டும் தோன்றும் சிறுவன் ஒருவன் கட்சுவோடும் காசுகாவோடும் மகிழ்ந்திருந்து, விடியலில் கிரிபித்தாக உருமாறி நிற்பதே அதன் முடிவு. தான் அன்பு செய்த குழந்தையும் தான் கொல்லத் தேடிய பகைவனும் ஓருடம்பினர் எனக் கட்சு காணும் இடம் அது. இதனினும் சிறந்த முடிவு உண்டோ என்றனர் ஒருசாரார். மற்றொருசாரார், இது முடிவன்று, வினாவின் உச்சி; இங்கு நிறுத்துதல் கதையைக் கொன்றதற்கு ஒப்பாகும் என்றனர்.

2022 ஆம் ஆண்டு யூன் மாதத்தில், தொடர் மீண்டும் வெளிவரும் என்ற அறிவிப்பு வந்தது. அதனை மேற்பார்வை செய்ய முன்வந்தவர் கோஜி மோரி. 'ஹோலிலாண்ட்' முதலிய சித்திரக்கதைகளை வரைந்தவரான அவர், மியுராவின் பள்ளித் தோழர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்னர், பலியீட்டுப் பகுதியை எழுதும் வேளையில், மியுரா தம்மை அழைத்துக் கதையின் இறுதிவரை கூறியிருந்தார் என மோரி வாசகருக்கு அறிவித்தார். அவர் தமக்கு விதித்துக்கொண்ட வரையறையே ஈண்டு நோக்கற்பாலது: மியுரா தம்மிடம் கூறியவற்றை மட்டுமே எழுதுவது, தெளிவாக நினைவில் இல்லாத நிகழ்ச்சிகளை எழுதாது விடுவது, தாமாக எதனையும் விரித்துரையாதது. ஓவியங்களை மியுராவின் மாணவராகிய உதவியாளர் குழுவே வரையும். நூலின் முகப்பிலும் மூலம் மியுரா என்றும், ஓவியம் உதவியாளர் குழு என்றும், மேற்பார்வை மோரி என்றும் பிரித்தே பொறித்தனர்.

இதனால் விளைந்த நூல் எத்தகையது? காசுகா மீண்டும் கிரிபித்தாற் கவர்ந்து செல்லப்படுதலும், கட்சு நம்பிக்கை இழந்து வீழ்தலும் புதிய அத்தியாயங்களில் நிகழ்கின்றன. ஓவியம் ஆசானின் கையைப் பெரிதும் ஒத்திருக்கின்றது. நிகழ்ச்சிகளோ விரைகின்றன. மியுராவாயின் ஒரு முகத்தை நான்கு பக்கம் நோக்கியிருப்பார். ஒரு சொல்லும் இன்றி மழையை வரைந்திருப்பார். புதிய அத்தியாயங்களில் அத்தேக்கம் குறைவு. முதலில் இதனைக் குறையென்றே எண்ணினேன். மீண்டும் படித்தபோது, அம்மெலிவு மோரி கொடுத்த வாக்கின் விளைவு எனத் தெளிந்தேன். நண்பன் கூறியது கதையின் எலும்பு. தசை அவனோடு போயிற்று. இல்லாத தசையைப் புனைந்து ஒட்டியிருப்பின் நூல் பொலிவுற்றிருக்கும். ஆனால் அஃது இடைச்செருகல் ஆகியிருக்கும். நம் பழைய நூல்களைப் பதிப்பித்த அறிஞர் எத்துணை இடர்ப்பட்டு மூலத்தையும் செருகலையும் பிரித்தனர் என்பதை அறிந்த நாம், செருகாதவனுடைய வறுமையை இகழ்தல் தகாது. பாணபட்டரின் மைந்தரை உலகு ஏற்றதும், டிக்கன்சின் அயலாரை ஏற்காததும் இதனாலேயே போலும்: நூலாசிரியனோடு உடன் வாழ்ந்தவனுக்கு நினைவு உண்டு, அயலானுக்கு ஊகமே உண்டு.

அம்மாணவர் இருவருக்கும் நான் கூறிய விடை இதுதான். 364 ஆம் அத்தியாயம் வரை மியுராவின் நூல் எனக் கொள்க. 365 முதல் அந்நூலைப் பற்றி ஒரு நண்பர் கூறும் சான்று எனக் கொள்க. முன்னதோடு நிறுத்துபவன் நூலுக்குத் துரோகம் செய்தானல்லன். பின்னதையும் படிப்பவன் ஆசிரியரை மறந்தானல்லன். இரண்டினையும் ஒன்றெனக் குழப்புபவனே பிழைசெய்கிறான். நிறுத்தியவன் உடன்படவில்லை. அந்த வேறுபாட்டைக் காப்பாற்ற வேண்டுமாயின் படியாதிருப்பதே பாதுகாப்பு என்றான். அவன் கூற்றிலும் நியாயம் உண்டு. கதை இன்னும் நடந்துகொண்டிருக்கின்றது. அவர்கள் வாதமும் அவ்வாறே.