பாலத்துக்கு மானியம் வந்தது, கடைவீதிக்கு?

ஸ்மார்ட் சிட்டி திட்டத்துக்கு 2016 செப்டம்பரில் மத்திய அரசு தேர்ந்தெடுத்த 27 நகரங்களில் மதுரை, சேலம், தஞ்சாவூர், வேலூரோடு மும்பைக்கு அருகிலுள்ள கல்யாண்-டோம்பிவலியும் இருந்தது. நகரம் ஒன்றுக்கு மத்திய அரசின் பங்கு 500 கோடி ரூபாய்; அதே அளவை மாநில அரசும் மாநகராட்சியும் சேர்ந்து போடவேண்டியிருந்தது. கல்யாணில் அந்தப் பணம் முதன்மையாகக் குறிவைத்த இடம், மேற்குப் பக்க ஸ்டேஷன் வட்டாரம்.

தேர்வு சரியானதுதான். 1854-இல் ரயில் வந்த ஊர் இது. கர்ஜத் வழியாகப் புனேவுக்கும் கசாரா வழியாக நாசிக்குக்கும் பாதை பிரிவது இங்கேதான். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் அரசுப் போக்குவரத்தின் எஸ்.டி. பஸ் நிலையம், ஷேர் ஆட்டோ வரிசை, காய்கறிச் சந்தை, துணிக்கடைகள், உணவகங்கள் என எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கியடிக்கும். ஊரைக் கடந்து போகும் வண்டிகளை மேம்பாலத்தில் ஏற்றிவிட்டுத் தரையைப் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடப்பவர்களுக்கும் விடுவது, பஸ் நிலையத்தைப் புதிதாகக் கட்டுவது என்பது திட்டம். சொத்து வரியை நம்பி வாழும் மாநகராட்சி தன் கைப்பணத்தில் இதை நினைத்துக்கூடப் பார்த்திருக்க முடியாது. மானியத்தின் மறுக்க முடியாத பலம் இது.

ஆனால் இந்த மானியத்தின் கண்ணுக்கு வண்டிகள் தெரிந்த அளவுக்கு வியாபாரம் தெரியவில்லை. ஸ்டேஷன் வாசலில் மாலை நேரத்து விற்பனையில் பெரும்பகுதி, லோக்கல் ரயிலிலிருந்து இறங்குகிறவர்கள் ஆட்டோ பிடிப்பதற்குள் வாங்குவது. கொத்தமல்லிக் கட்டு, அரைக் கிலோ வெண்டை, ஒரு முழம் பூ. தரையில் தார்ப்பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் பெண், மாநகராட்சி வண்டி வருகிறது என்ற குரல் கேட்டதும் நான்கு முனைகளையும் சேர்த்துப் பிடித்து மூட்டையாக்கிச் சந்துக்குள் ஒதுங்குகிறாள். வண்டி போனதும் அதே இடத்தில் மறுபடி விரிக்கிறாள். மும்பையின் எல்பின்ஸ்டன் ரோடு ரயில் நிலைய நெரிசலில் 23 பேர் இறந்த பிறகு, 2017 நவம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் ரயில் நிலையங்களிலிருந்து 150 மீட்டருக்குள் தெருவோர வியாபாரம் கூடாது என்றது. நெரிசல் பற்றிய அந்த அச்சம் நியாயமானது. ஆனால் 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம், கணக்கெடுப்பு முடியும்வரை யாரையும் அகற்றக்கூடாது என்கிறது; நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே இருக்கவேண்டும் என்றும் சொல்கிறது. ஒன்று விலகச் சொல்கிறது, மற்றொன்று இடம் கொடு என்கிறது. இரண்டுக்கும் நடுவில் மாற்றிடம் தேடித் தருவதுதான் ஸ்டேஷன் வட்டார மேம்பாட்டின் முதல் வேலையாக இருந்திருக்க வேண்டும்.

மாற்றிடம் என்பதும் லேசான காரியமல்ல. சென்னை பாண்டி பஜாரின் நடைபாதை வியாபாரிகள் 2013-இல் பல மாடி வளாகத்துக்கு மாற்றப்பட்டார்கள். போகிற போக்கில் வாங்கும் பொருளுக்காக யாரும் மாடி ஏறுவதில்லை. மேல்தளக் கடைக்காரர்கள் அன்று முதல் அதைத்தான் சொல்லிவருகிறார்கள். 2019 நவம்பரில் அதே சாலையில் ஸ்மார்ட் சிட்டி நிதியில் அகலமான நடைபாதை திறக்கப்பட்டது. முதியவர்களும் குழந்தைகளும் அங்கே நிம்மதியாக நடக்கிறார்கள், பெரிய கடைகளுக்கும் அதனால் லாபம். அந்தத் தெருவுக்குக் கூட்டத்தைப் பழக்கியவர்களுக்குத்தான் பங்கு குறைந்துவிட்டது.

சிங்கப்பூரின் வீட்டுவசதி வாரியம் 2007-இல் தொடங்கிய குடியிருப்புக் கடைகளுக்கான புத்துயிர்த் திட்டம் வேறு வழியில் போனது. செலவில் ஒரு பங்கை வாரியம் ஏற்கும், மீதியில் கடைக்காரர்களும் பங்கு போடவேண்டும். அவர்களில் பெரும்பான்மையினர் சம்மதித்தால்தான் வேலை தொடங்கும். தரையும் கூரையும் மட்டுமல்ல, வாடிக்கையாளரை வரவழைக்கும் விழாக்களுக்கும் உதவி உண்டு. குடிமக்களில் பெரும்பாலோர் வாரிய வீடுகளில் வசிக்கும் ஊரின் ஏற்பாட்டை அப்படியே கல்யாணுக்குக் கொண்டுவர முடியாது. பணம் போடுகிறவரும் கடை நடத்துகிறவரும் ஒரே மேஜையில் உட்காருவதைக் கொண்டுவரலாம்.

கல்யாணில் அந்த மேஜையே இல்லாமல் போனது. திட்டத்தை நடத்தியது இதற்கென்றே அமைத்த ஒரு நிறுவனம். 2015-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றத்தின் காலம் 2020-இல் முடிந்தது; அடுத்த தேர்தல் நடந்தது 2026 ஜனவரியில். நடுவில் ஐந்தாண்டுக்கு மேல் நிர்வாகியின் ஆட்சி. சாலை தோண்டப்பட்டு வாசல் மறைந்த கடைக்காரர் முறையிட வார்டு உறுப்பினர்கூட இருக்கவில்லை. வேலை நடக்கும் காலத்து நஷ்டத்தை ஈடுகட்ட இந்த மானியத்தில் இடமும் இருக்கவில்லை. 2025 மார்ச்சில் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின் காலமே முடிந்தது. ஸ்டேஷன் மேம்பாலம் அப்போதும் முடிந்திருக்கவில்லை. இனி அதன் விளக்குக்கும் துப்புரவுக்கும் ஆகும் செலவு மாநகராட்சியின் தலையில்தான் விழும்.

புதிய மாமன்றத்துக்கு இன்னும் ஒரு வாய்ப்பு இருக்கிறது. பாலத்தின் அடியிலும் பஸ் நிலையத்தைச் சுற்றியும் கிடைக்கும் தரைத்தளத்தை டெண்டரில் விடுவதற்கு முன், 150 மீட்டர் எல்லையைத் தாண்டிய முதல் சந்துகளில் யார் யாருக்கு எத்தனை அடி என்று நகர விற்பனைக் குழுவைக் கொண்டு எழுதி ஒட்டச் சொல்லலாம். அதற்குப் புது மானியம் எதுவும் தேவையில்லை.