பழஞ்சீனக் கணிதமும் மலைநாட்டுக் கணக்கும்

கண்டி நகரை அடுத்த பேராதனைப் பூங்காவில் 1824ஆம் ஆண்டிலே சீன தேசத்துத் தேயிலைச் செடி நடப்பட்டது என்பர். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்னும் துரை, அதே கண்டிப் பகுதியின் லூல்கந்துர தோட்டத்தில், 19 ஏக்கர் நிலத்திலே தேயிலையை வர்த்தகப் பயிராக்கினார். சீனம் தந்த அச்செடியை இம்மலைகளில் அறியாதார் இல்லை. அதைப் பேணி வளர்த்த நாகரிகம் கணித சாஸ்திரத்தில் என்ன செய்தது என்பதை அறிந்தோரோ மிகச் சிலர். 'கொழுந்து பறிப்போருக்குப் பழஞ்சீனக் கணிதம் எதற்கு?' என்று சிலர் கேட்கக்கூடும். அக்கேள்விக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சீனக் கணிதம் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஒரு பெருமைப் பட்டியலையே நம்முன் விரிக்கின்றனர். கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் சூ சொங்ஜி வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதத்தை 355/113 என நுட்பமாகக் கண்டார்; சிவப்பு, கறுப்புக் குச்சிகளைக் கொண்டு நேரெண்ணையும் மறையெண்ணையும் சீனர் கையாண்டனர்; பாஸ்கலின் பெயரால் வழங்கும் எண் முக்கோணத்தை யாங் ஹுய் 1261இலேயே எழுதிவைத்தார் என்பன அப்பட்டியலின் தலையாய செய்திகள். இவை மெய்யே. கிரேக்கத்துக்கு அப்பால் கணிதமே இல்லை என்ற ஏகாதிபத்திய மமதையை உடைக்க இவை பயன்பட்டன. ஜோசப் நீடம், வாங் லிங் என்னும் சீன அறிஞரின் துணையுடன் 1959இல் வெளியிட்ட பெருநூலின் மூன்றாம் பாகம் அவ்வகையில் அரியதொரு தொண்டு.

ஆயினும், 'யார் முதலில்?' என்ற பந்தயம் ஓர் எல்லைக்கு மேல் நம்மை இட்டுச் செல்வதில்லை. சிங்கப்பூர் அறிஞர் லாம் லே யோங், ஆங் தியன் சேயுடன் 1992இல் வெளியிட்ட நூலில், இன்று உலகம் வழங்கும் எண்முறையே சீனரின் கணக்குக் குச்சிகளிலிருந்து பிறந்தது என வாதிட்டார். வரலாற்றறிஞர் பலர் இதனை ஏற்கவில்லை. இவ்வழக்கில் எவர் வென்றாலும், அக்குச்சிகளைப் பரப்பி யாருடைய தானியத்தை எண்ணினார்கள், யார் எண்ணினார்கள் என்ற கேள்வி எழாமலே போய்விடுகிறது. விமரிசகன் எழுப்ப வேண்டியது அக்கேள்வியையே.

'ஒன்பது அத்தியாயங்கள்' எனப்படும் நூல் கி.பி. முதல் நூற்றாண்டளவில் இன்றைய வடிவை எய்தியது. அதில் 246 கணக்குகள் உள்ளன. முதற்கணக்கு, 'பூ' என்னும் அளவில் 15 அகலமும் 16 நீளமும் கொண்ட வயலின் பரப்பைக் கேட்கிறது; விடை 240 சதுரப் பூ, அதாவது ஒரு மூ. வரப்பின்மேல் நிற்கும் இறையதிகாரியின் கேள்வி இது. தானிய மாற்று, மண்வேலை, வரிப்பங்கீடு எனத் தொடரும் அத்தியாயங்களும் அரசின் களஞ்சியத்தையே சுற்றி நிற்கின்றன. வட்டமான வயலுக்கு அந்நூல் கூறும் விதி, சுற்றளவின் பாதியை விட்டத்தின் பாதியால் பெருக்குக என்பது. நம் காரிநாயனாரின் கணக்கதிகாரம் செய்யுளில் கூறுவதும் அதுவே. யார் யாரிடம் கடன் வாங்கினார் என இங்கே வழக்காடத் தேவையில்லை. நிலத்தை அளந்து விளைவிலே பங்கு கேட்கும் அதிகாரம் எழுந்த இடமெல்லாம் அளவைக் கணக்கும் எழுந்தது.

கண்டி இராச்சியமும் இதற்கு விலக்கன்று. அங்கே வயலை விதைப்பின் அளவால் மதித்தனர். 10 லாஹ கொண்டது ஒரு பேல. 4 பேல கொண்டது ஓர் அமுண. ஓர் அமுண விதைநெல் விதைக்கும் பரப்பே ஓர் அமுண நிலம். அந்நிலத்தை ஏட்டிலே பதிந்து, அதை உழுவோனிடம் இராசகாரியம் என்னும் ஊழியத்தைப் பெற்றனர். 1815இல் கண்டியைக் கைப்பற்றிய வெள்ளையர், தெருக்கள் வெட்டவும் அதே ஊழியத்தைப் பயன்படுத்திய பின்னரே, 1832இல் அதனை ஒழித்தனர்.

இப்பின்னணியில் சீன நூலின் ஆறாம் அத்தியாயத்தை வாசித்தல் வேண்டும். நான்கு மாவட்டங்கள் சேர்ந்து 250,000 ஹூ தானியத்தை 10,000 வண்டிகளில் அரசுக்கு அனுப்ப வேண்டும். முதல் மாவட்டத்தில் 10,000 குடிகள். வழி எட்டு நாள். நான்காம் மாவட்டத்தில் 12,200 குடிகள்; வழியோ இருபது நாள். குடித்தொகையை மட்டும் பார்த்தால் நான்காம் மாவட்டமே கூடுதலாகக் கொடுக்க வேண்டும். நூலாசிரியர் அவ்வாறு செய்யவில்லை. குடித்தொகையை வழிநாளால் வகுத்து, அவ்விகிதப்படி சுமையைப் பிரிக்கிறார். முதல் மாவட்டத்துக்கு 3,324 வண்டி. நான்காம் மாவட்டத்துக்கு 1,622 வண்டியே. தூரமும் உழைப்பே, நடந்த காலும் கணக்கில் சேர வேண்டும் என்ற உண்மையை இக்கணக்கு ஏற்றுக்கொள்கிறது.

ஐந்தாம் அத்தியாயத்தில் இதனினும் கூர்மையான ஒரு கணக்கு உண்டு. வாய்க்கால் வெட்டும் ஆளுக்குக் கோடைக்காலத்து நாள்வேலை 871 கன அடி (சீன அடி) என விதித்திருந்தனர். ஆனால் வெட்டிய மண்ணை வெளியேற்றும் வேலைக்காக அதில் ஐந்தில் ஒரு பங்கு கழிகிறது. மணல், பரல், நீர், கல் ஆகியவற்றின் தொல்லைக்காக எஞ்சியதில் மூன்றில் இரு பங்கு கழிகிறது. இறுதியில் அவன் வெட்ட வேண்டியது 232 கன அடியும் சிறு பின்னமுமே. குளிர்காலத்துக்கும் வசந்தத்துக்கும் வேறு வேறு அளவுகள். கல்லும் நீரும் தடுத்தால் அக்கழிவு உழைப்பவன் பக்கமே சேர்ந்தது.

கி.பி. 263இல் இந்நூலுக்கு உரை வரைந்த லியூ ஹுய், வண்டிப் பங்கீட்டில் பின்னம் வரும் இடத்தில் ஒரு குறிப்புத் தருகிறார். வண்டி, எருது, மனிதர் ஆகியவற்றின் எண்ணிக்கையைப் பிளக்கலாகாது. ஆதலால் சிறு பின்னத்தைப் பெரியதோடு சேர்த்து முழுமையாக்குக என்பது அதன் கருத்து. கணக்கன் தன் எண்ணுக்கு அப்பால் ஒரு மனிதன் நிற்பதைக் கண்ட இடம் அது.

இதனால் பழஞ்சீனம் நீதியின் பொன்னுலகம் என்று கொள்ளலாகாது. மூன்றாம் அத்தியாயத்தில், பட்டத்தால் வேறுபட்ட ஐவர் கூடி ஐந்து மான்களை வேட்டையாடுகின்றனர். அவற்றை 5, 4, 3, 2, 1 என்ற விகிதத்தில் பகிர்கின்றனர். ஓடி அலைந்தது ஐவரும், பங்கோ பட்டத்தின்படி. 250,000 ஹூ தானியம் எதற்கு என்று எந்தக் கணக்கும் கேட்பதில்லை. ஹூபெய் மாகாணத்தின் ஜாங்ஜியாஷானில் 1983-84இல் அகழ்ந்தெடுத்த மூங்கிற் சுவடிகளில் இன்னும் பழைய கணித நூல் ஒன்று கிடைத்தது, கி.மு. 186 அளவிலான அக்கல்லறை ஒரு சிற்றதிகாரியுடையது. வாய்க்கால் வெட்டியவனோடு எந்தச் சுவடியும் புதையவில்லை. கணக்கு ஆள்வோர் கையில் இருந்தது. அந்தக் கையிலும் சில நியாயங்களை மறுக்க முடியாதவாறு உழைப்பின் உண்மை அதற்குள் புகுந்திருந்தது என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

இனி நம் மலைகளுக்கு வருவோம். மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே கண்டிச் சீமைக்கு நடந்து வந்த மக்களின் வழிநாளை எந்தத் துரையும் கூலியில் சேர்க்கவில்லை. வழிச் செலவு கடனாகவே அவர்கள் தலையில் ஏறியது. அக்கடனைச் சுமந்த 'துண்டு' முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிந்தது. வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குப் 'பென்ஸ் காசு' கிடைத்தது. செக்றோலில் ஒரு நாளுழைப்பு ஒரு 'பேர்' ஆயிற்று. குறித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் அது 'அரைப்பேர்'. வண்டியையும் மனிதனையும் பிளக்கலாகாது என்று உரையாசிரியர் எழுதிப் பல நூற்றாண்டுகள் கழிந்த பின், இங்கே மனிதனின் பெயரையே பாதியாக வெட்டினர். கொழுந்து நிறுக்கையில் கூடைக்கும் ஈரத்துக்கும் எனக் கிலோக்கள் கழிவது தொழிலாளரின் நெடுநாள் முறையீடு. சீனத்து வாய்க்காலில் நீர் தொழிலாளியின் சுமையைக் குறைத்தது; தேயிலை மலையில் மழை அவன் கூலியைக் குறைக்கிறது.

பின்னம் செக்றோலோடு நிற்கவில்லை. 1948இன் சட்டத்தால் குடியுரிமை இழந்த மக்களை, 1964 அக்டோபர் 30இல் இரு அரசாங்கங்கள் பங்கிட்டன. 975,000 பேர் என மதித்து, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என வகுத்து, 150,000 பேரைப் பின்னைக்கென ஒதுக்கினர். சுருக்கினால் ஏழுக்கு நான்கு. மீதியை 1974இல் சரிபாதியாக்கினர். எண்கள் பிசகின்றி வகுபட்டன. லயத்தில் வாழ்ந்த குடும்பங்களோ பிளவுண்டன. வகுபட்ட மக்களை எவரும் கேட்கவில்லை. நாடற்றோராய் எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

ஆகவே பழஞ்சீனக் கணிதம் மலைநாட்டாருக்கு எதற்கு என்ற கேள்விக்கு விடை தெளிவு. கணக்கு இயற்கையின் தீர்ப்பன்று. அது மனிதர் வகுத்த விதி என்பதை அது காட்டுகிறது. தூரத்துக்கும் கல்லுக்கும் மழைக்கும் இடம் கொடுத்து விதி வகுத்தல் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இயன்றது. இன்று இயலாது என்போர் கணிதம் அறியாதவர் அல்லர், மனம் இல்லாதவர். செந்தில் பாபு 2022இல் வெளியிட்ட ஆய்வுநூல், தென்னாட்டுக் கணக்கனையும் திண்ணைப் பள்ளியையும் சாதி, உழைப்பு ஆகியவற்றின் நடுவே வைத்து ஆராய்ந்து நல்ல வழி காட்டியுள்ளது. அவ்வழியில் கண்டிச் சீமையின் அமுணக் கணக்கும் செக்றோல் கணக்கும் தமிழில் எழுதப்படல் வேண்டும். தோட்டப் பள்ளியின் பிள்ளை விகித சமத்தைப் பயிலும்போது, நான்கு மாவட்டத்து வண்டிக் கணக்கையும் தன் தாயின் கூடை நிறுக்கும் கணக்கையும் அருகருகே வைத்துப் பயிலட்டும். எது நியாயமான வகுத்தல் என்பதை அப்பிள்ளை தானே கண்டுகொள்ளும்.