வாடிக்கையாளர் கூற்றும் ஆய்வாளர் முடிபும்: பினாங்கு லிட்டில் இந்தியாவை முன்வைத்து ஒரு மதிப்பீடு

வாடிக்கையாளரை நேர்கண்டு அவர்தம் கருத்தை ஆராய்வது வணிகத் துறைக்கு மட்டும் உரியதன்று. ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவின் புடைவைக் கடை, பூக்கடை, நாசி கண்டார் உணவகம் ஆகியவற்றுக்கு வந்துபோவோரின் பேச்சு, மொழி, பண்பாடு, புழங்குவெளி ஆகியவற்றை ஆராயும் தமிழ் மாணவருக்கும் வளமான தரவாகும். எனினும் அப்பேச்சு ஆய்வேட்டில் மேற்கோளாக மாறும்போது நிகழும் பிழைகள் போதிய அளவு பேசப்படவில்லை என்பது நம் கருத்து.

மேற்கோள் காட்டுதல் தமிழுக்குப் புதிதன்று. இளம்பூரணரும் நச்சினார்க்கினியரும் நூற்பாவின் பொருளை விளக்கியபின் செய்யுளை எடுத்துக்காட்டாகத் தருவர். யாப்பருங்கல விருத்தி காட்டும் மேற்கோள்களால் மறைந்துபோன நூல்களின் பகுதிகள் சில நமக்குக் கிடைத்துள்ளன. உரை மரபில் விதி முன்னும் எடுத்துக்காட்டுப் பின்னுமாக அமைவது இயல்பே. களஆய்வில் இவ்வரிசை பொருந்தாது. அங்குக் கூற்றிலிருந்தே முடிபு பிறத்தல் வேண்டும். நம் மாணவர் பலர் உரைமரபின் வரிசையை அப்படியே களத்திற்கும் கொண்டுவருகின்றனர். முடிபை முதலில் எழுதிவிட்டு, அதற்கு இசைவான ஒரு வாக்கியத்தைப் பதிவுகளில் தேடுகின்றனர். உரையாசிரியர்கள் விதிக்குள் அடங்காதவற்றைப் புறனடை கூறியாவது தழுவிக்கொண்டனர். ஆய்வேடுகளிலோ மாறாகப் பேசியவரின் குரல் பின்னிணைப்பிலும் இடம் பெறுவதில்லை.

இதனை விளக்க நாமே புனைந்த ஒரு கூற்றைக் காண்போம். புடைவைக் கடையிலிருந்து வெளிவரும் அம்மையார் ஒருவரிடம், “விலையெல்லாம் எப்படிங்க?” என ஆய்வாளர் வினவுகிறார். அவர் கூறும் விடை: “மூராவாதான் இருக்கு. ஆனா ரெண்டு தடவ தொவச்சா சாயம் போயிருது. பட்டுன்னா நான் இந்தியாவுக்குப் போறப்பதான் வாங்குவேன். இங்க வர்றது கோயிலுக்கு, அப்படியே கடைக்கும்.” ஆய்வேட்டில் இதன் முதல் வாக்கியம் மட்டும், ‘விலை மலிவே வாடிக்கையாளரை ஈர்க்கிறது’ என்னும் தலைப்பின்கீழ் அமர்ந்துவிடுகிறது. அம்மையார் சொல்லாத சொல் எதுவும் சேர்க்கப்படவில்லை. ஆயினும் அவர் சொன்னது இதுவன்று. விலை பற்றிய பேச்சை எழுப்பியவர் ஆய்வாளரே. அம்மையாரை அங்குக் கொணர்ந்தது 1833ஆம் ஆண்டு முதல் குயின் ஸ்திரீட்டில் விளங்கும் மகா மாரியம்மன் ஆலயம். கோயிலை அண்டிக் கடைத்தெரு வாழ்கிறது என்னும் அரிய முடிபு கையில் இருந்தும் கைவிடப்பட்டது. எனவே கூற்றுக்கு முன் வினாவையும் அச்சிடுதல் தேவை என்பது நம் துணிபு. முப்புள்ளி இட்டு இடையில் விடப்பட்ட பகுதியை மேற்பார்வையாளர் கேட்டுப் பெற்றுப் படித்தலும் நன்று. அப்புள்ளிகளுக்குள் பல வேளைகளில் ஓர் ‘ஆனா’ ஒளிந்திருக்கும்.

அடுத்தது மொழிச் சிக்கல். பேச்சை எழுத்துத் தமிழாக்கித் தருவதே ஆய்வேட்டிற்கு அழகு என்னும் எண்ணம் நம்மிடையே வலுவாக உள்ளது. மேற்காட்டிய கூற்றை, “விலை மலிவாகவே உள்ளது” எனத் திருத்திவிட்டால், ‘மூரா’ என்னும் மலாய்ச் சொல் மறைகிறது. பேரம் பேசும் மொழி எது, கடைக்காரரும் வாங்குபவரும் எந்த மொழியில் சந்திக்கின்றனர் என்பதற்கான சான்றும் அதனோடு மறைகிறது. அறிக்கை மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதப்படுமாயின் இழப்பு இரட்டிப்பாகும். பேச்சு வடிவை உள்ளவாறே தந்து, தேவையான இடத்தில் பொருளை அருகில் தருவதே தக்கது.

இதற்கு ஒரு மறுப்பும் உண்டு. யார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன் கோர்டன், ராய் செய்ன்ஸ்பரி ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வு, மேற்கோள்களைப் பயன்படுத்தும் ஆய்வாளரிடம் மட்டுமன்றி, நேர்காணலில் பேசியவரிடமும் கருத்தறிந்தது. தம் பேச்சு அச்சில் எவ்வாறு தோன்றுகிறது என்பது பேசியவருக்கும் பொருட்டே. எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் தொலைவு மிகுந்த நம் சமூகத்தில் இக்கூச்சம் இன்னும் கூடுதலாக இருக்கக்கூடும். பேராசிரியரின் நடை செந்தமிழாகவும் பூ விற்பவரின் நடை மட்டும் கொச்சையாகவும் ஒரே பக்கத்தில் நின்றால், அவ்வேறுபாடே ஒரு தீர்ப்பாகிவிடும். ஆகவே பேச்சு வடிவைக் காப்பதாயின் எல்லாருக்கும் அவ்வாறே காத்தல் வேண்டும். கடை முதலாளியைத் திருத்திவிட்டு வாடிக்கையாளரை மட்டும் விட்டுவைத்தல் கூடாது.

யாருடைய கூற்று எத்தனை முறை இடம்பெறுகிறது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். சுவைபடப் பேசும் இருவர் வாய்த்துவிட்டால் இயல் முழுவதும் அவர்களே பேசுவர். தயங்கிப் பேசிய மற்றவர் வெறும் எண்ணிக்கையாகி நிற்பர். 2007இல் மருத்துவ நலத்துறை ஆய்வாளர் வகுத்த கோரெக் என்னும் 32 கூறுகள் கொண்ட சரிபார்ப்புப் பட்டியல், ஒவ்வொரு மேற்கோளும் இன்னாருடையது என்பதைப் பங்கேற்பாளர் எண் முதலியவற்றால் சுட்டுமாறு கேட்கிறது. நம் துறையில் அவ்வழக்கம் வேரூன்றினால் போதும். ஒருவர் கூற்றே ஒன்பது இடங்களில் வந்திருப்பதை வாசகரே கண்டுகொள்வர்.

ஆனால் எண் மட்டும் பெயரை மறைத்துவிடாது. 2008இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்த ஜார்ஜ்டவுனின் மையப்பகுதி 109.38 ஹெக்டேர் மட்டுமே. லிட்டில் இந்தியாவோ அதனுள் அடங்கிய சில தெருக்கள். ‘பங்கேற்பாளர் 7, மூன்று தலைமுறையாகக் கோயிலருகே பூ வாங்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை’ என எழுதினால், அத்தெருவில் அவரை அறியாதவர் இரார். அவர் கடைக்காரரைக் குறைகூறியிருந்தால் மறுநாள் அக்கடைக்கே செல்ல வேண்டியவரும் அவரே. 2000ஆம் ஆண்டு சனவரியில் வாடகைக் கட்டுப்பாடு முடிவுற்றபின், வாடகை பற்றிய பேச்சும் அங்கு எளிய பேச்சன்று. நேர்காணலின் தொடக்கத்தில் பெற்ற ஒப்புதல் இதற்குப் போதாது. அச்சேறவிருக்கும் வாக்கியத்தை உரியவரிடம் படித்துக் காட்டி மீண்டும் இசைவு பெறுதல் வேண்டும். அவர் மறுப்பாராயின் கூற்றை நீக்கிவிட்டு, கருத்தை ஆய்வாளர் தம் சொல்லில் பொதுமையாக எழுதலாம்.

அவ்வாறு படித்துக் காட்டும்போது நாம் புனைந்த அம்மையார் சாயம் போன செய்தியை எடுத்துவிடச் சொல்லக்கூடும். கோயிலுக்கு வந்ததை எடுக்கச் சொல்லமாட்டார்.