அச்சத்திலிருந்து ஆரவாரத்திற்கு

குற்றாலத்துப் பேரருவியில் நீர் அளவோடு விழும் காலத்தில் குழந்தைகளும் முதியோரும் தலைகொடுத்து நின்று மகிழ்கின்றனர். மலையில் பெருமழை பெய்து வெள்ளம் வந்துவிட்டாலோ குளிக்கத் தடை விதிக்கப்படுகிறது. கண்ணுக்கு அது பெருங்காட்சிதான். ஆயினும் அருகே செல்ல இயலாது. பெருகுவன எல்லாம் பயன் தருவன அல்ல என்பதைத் தென்காசி வட்டாரத்து மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. திரைப்படத்திற்கும் இவ்வுண்மை பொருந்துமா என்று ஆராய்வதே நம் நோக்கம்.

சிறு முதலில் பேய்ப்படம் எடுத்துப் பெயர் பெற்ற இயக்குநர்கள் பின்னர்க் கோடிகளைக் கொட்டும் பெரும்படங்களுக்குச் செல்வது உலகெங்கும் உள்ள வழக்கம். 1981இல் 'ஈவில் டெட்' எடுத்த சாம் ரைமி 2002இல் 'ஸ்பைடர்மேன்' எடுத்தார். மலேசியாவில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்த ஜேம்ஸ் வான், 2004இல் வந்த 'சா' என்னும் சிறு படத்திலிருந்து 2018இல் 'அக்வாமேன்' வரை உயர்ந்தார். இதில் வியப்பில்லை. பேய்ப்படத்திற்குப் பெரிய நடிகர் வேண்டா; ஒரு வீடு, சிறிது இருள், எங்கிருந்தோ ஓர் ஓசை, இவையே போதும். அங்கே இயக்குநரின் திறமையே மூலதனம். ஆகவே அது முதலாளிகளின் கண்ணில் எளிதில் பட்டுவிடுகிறது.

தமிழில் இதற்குத் தக்க சான்று கார்த்திக் சுப்புராஜ். 2012 அக்டோபரில் வெளிவந்த 'பீட்சா' அவருடைய முதற்படம். பீட்சா கொண்டுசெல்லும் இளைஞன் ஒருவன் இருண்ட பங்களாவில் கைவிளக்குடன் அகப்பட்டுக்கொள்கிறான். விளக்கொளி படும் இடம் சிறிது. படாத இடமோ பெரிது. அந்தப் பெரிய இருளை நிரப்புவது நம் மனமே. இறுதியில், அவன் கூறிய பேய்க்கதை முழுவதும் வைரங்களை மறைப்பதற்காகப் புனைந்த பொய் என்று தெரியவருகிறது. நாமும் அவனுடைய முதலாளியோடு சேர்ந்து ஏமாந்திருக்கிறோம்! கார்த்திக் சுப்புராஜின் உண்மையான கருப்பொருள் பேயன்று. பிறரை நம்பவைக்கும் கதைசொல்லியே என்பது என் துணிபு.

ஏழாண்டு கழியுமுன், 2019 பொங்கலை ஒட்டி, ரஜினிகாந்த் நடித்த 'பேட்ட' வந்தது. ரசிகன் என்ற நிலையில் நின்று எடுத்ததாக இயக்குநரே கூறிய படம் அது. நடிகரின் பழைய படங்களை நினைவூட்டும் அசைவுகளும் பாட்டும் சண்டையும் அடுக்கடுக்காய் வருகின்றன. அரங்கு ஆர்ப்பரித்தது. ஆனால் 'பீட்சா'வில் மறைத்து வைப்பதில் இருந்த இன்பம் இங்கே கேட்டதையெல்லாம் கொடுத்துவிடுவதாக மாறிற்று. கேட்டதை உடனே பெற்றவன் மகிழ்வான், ஆனால் வியப்பதில்லை.

எனினும் ஒன்றை மறுத்தல் கூடாது. நண்பன் மாலிக்கின் கொலைக்குப் பழிவாங்க வந்த நாயகன், பகைவனுடைய மகனிடம் "நீ மாலிக்கின் மகன்" என்று ஒரு கதை கட்டுகிறான். அதை நம்பிய மகன் தந்தையையே சுட்டு வீழ்த்துகிறான். 'பீட்சா'வின் அதே பொய்க்கதைதான்! அக்காட்சியில் பழைய இயக்குநர் தலைகாட்டுகிறார். ஆனால் அது வருவதோ படத்தின் கடைசிச் சில நிமிடங்களில்.

நிற்க. தம் பிற்காலத்தைக் குற்றாலத்திலே கழித்து 1954இல் மறைந்த ரசிகமணி டி.கே.சி.யை இங்கே நினைத்தல் தகும். கம்பன் பாடல்களுள் கம்பனுடையவை அல்ல என்று தமக்குப் பட்டவற்றை அவர் துணிந்து விலக்கினார். அவர் விலக்கியவை எல்லாம் சரிதானா என்பது வேறு வழக்கு. கலையில் மிகுதி என்பது வளமாகாது என்னும் அவருடைய உறுதியே நமக்கு வேண்டுவது. 'பேட்ட'யை அந்த உறுதியோடு அணுகினால், விலக்கத் தக்கவை எத்தனை!

அப்படியாயின் பெரும்படமே கலைக்குப் பகையா? அன்று. 2004இல் வந்த 'ஸ்பைடர்மேன் 2' படத்தில் மருத்துவர்களை இயந்திரக் கைகள் தாக்கும் காட்சியைப் பாருங்கள். நிழலும் அலறலுமாக 'ஈவில் டெட்' இயக்குநர் அங்கே முழுமையாக நிற்கிறார். கார்த்திக் சுப்புராஜும் 2023இல் 'ஜிகர்தண்டா டபுள் எக்ஸ்' படத்தில் தம்மை மீட்டுக்கொண்டார். 'முனி', 'காஞ்சனா' என்னும் பேய்ப்படங்களை இயக்கிய ராகவா லாரன்ஸே அதில் நாயகர். அவரைக் கொல்ல வரும் காவலன் திரைப்பட இயக்குநராக வேடமிடுகிறான். பொய் சொல்ல வந்தவனுடைய கேமரா, காட்டுவாசிகளின் படுகொலையை உலகுக்குக் காட்டும் மெய்ச்சாட்சியாகிறது. செலவு இங்கும் பெரிதே. ஆயினும் 'பேட்ட'யில் ஓரத்தில் ஒதுங்கிய கருப்பொருள் இங்கே முதுகெலும்பாகிவிட்டது.

ஆகவே, எத்தனை கோடி செலவாயிற்று, எத்தனை கோடி வசூலாயிற்று என்னும் கணக்கு வணிகர்க்கு உரியது. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அரங்குக்குச் செல்லும் நாம் கேட்க வேண்டியது வேறு: இருளும் கைவிளக்கும் மட்டுமே இருந்த நாளில் இந்த மனிதர் கண்டறிந்தது எதுவோ, அது இன்னும் அவரிடம் இருக்கிறதா? கைப்பேசியில் குறும்படம் எடுக்கத் தொடங்கியிருக்கும் நம் வீட்டு இளைஞர்களும் இக்கேள்வியை இப்பொழுதே மனத்தில் இருத்துவது நலம். முதல் பெருகும் நாள் அவர்களுக்கும் வரலாம்.