பாருமினியை ரசிப்பது எப்படி

சார்தீனியாத் தீவின் தென்பகுதியில், தலைநகர் கல்யாரியிலிருந்து வடக்கே ஏறத்தாழ 60 கி.மீ. உள்ளே தள்ளி, கோதுமை வயல்களும் சிறு குன்றுகளும் நிறைந்த மார்மில்லா வட்டாரத்தில் இருக்கிறது பாருமினி. ஆயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர். யுனெஸ்கோ 1997இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த சு நுராஷி என்னும் வெண்கலக் காலக் கட்டடம் இந்த ஊருக்கு வெளியே, நடந்து போகும் தூரத்தில் நிற்கிறது. கடற்கரை விடுதிகளிலிருந்து வரும் சுற்றுலாக் கூட்டம் அதை மட்டும் பார்த்துவிட்டு மாலைக் குளியலுக்குத் திரும்பிவிடுவது வழக்கம். அப்படிப் பார்ப்பவர்களுக்கு அது பெரியதொரு கற்குவியலாகத் தெரிந்தால் வியப்பில்லை. அந்தக் கல் எங்கிருந்து வந்தது, அதை யார் எப்படி அடுக்கினார்கள், பின்னால் வந்தவர்கள் அதன் தலையில் எதைக் கட்டினார்கள் என்ற வரிசையில் பார்த்தால்தான் பாருமினி பிடிபடும்.

ஆகவே முதலில் போக வேண்டிய இடம் ஜாரா. ஊரின் வடமேற்கே, அடிவானத்தில் அளவுகோல் வைத்துக் கோடு கிழித்ததுபோல் தட்டையாகத் தெரியும் மலை அது. கிட்டத்தட்ட 45 சதுர கி.மீ. பரப்புள்ள இந்த மேட்டுநிலம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 550 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு இங்கே வழிந்து, மெத்தென்ற சுண்ணக் களிமண் நிலத்தின் மேல் கெட்டியான கருங்கல் மூடியாக இறுகியது. மூடி இல்லாத இடங்களை மழையும் ஓடைகளும் அரித்துக் கரைத்துவிட, மூடி இருந்த இடம் மட்டும் மேசைபோல் எஞ்சியது. கீழே வெளிர் மண், மேலே கறுத்த பாறை என்ற இந்த நிற வேறுபாட்டை மலையேறும் சாலையிலேயே கவனிக்கலாம். பிறகு பார்க்கப்போகும் பழங்காலச் சுவர்களின் பெருங்கற்கள் இதே எரிமலைக் கருங்கல்தான்.

ஜெஸ்துரி, துயிலி, செட்சு, ஜெனோனி ஆகிய ஊர்களிலிருந்து மேலே ஏற வழி உண்டு. மேலே கார்க் ஓக் மரங்கள் மிஸ்த்ரால் காற்றுக்கு முதுகு வளைத்து ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கின்றன. மழைநீர் கருங்கல்லில் இறங்க வழியின்றித் தேங்குவதால் ஆழமற்ற குட்டைகள் உருவாகின்றன. இவற்றை உள்ளூரார் ‘பவுலி’ என்கிறார்கள். மிகப் பெரியது பவுலி மயோரி. வசந்தத்தில் இந்தக் குட்டைகளின் நீர்ப்பரப்பை வெள்ளைப் பூக்கள் மூடிவிடும். கோடையில் பல குட்டைகள் வெடித்த சேறாகிவிடும்.

ஜாராவின் பேர்பெற்ற குடிகள் அங்கே தன்னிச்சையாகத் திரியும் குதிரைகள். தோள்வரை 115 முதல் 135 செ.மீ. உயரமே இருப்பதால் குட்டிகள் என்று நினைக்கத் தோன்றும். வளர்ந்த குதிரைகளே அவ்வளவுதான். கருமையான உடல், அடர்ந்த பிடரி, வாதுமை வடிவக் கண்கள். அவற்றைத் தேடி அலைவதைவிட, அதிகாலையிலோ வெயில் தாழ்ந்த பிறகோ ஒரு குட்டையின் ஓரம் சத்தமில்லாமல் காத்திருப்பது பலன் தரும். தண்ணீருக்கு அவை வந்தே ஆக வேண்டும். ரொட்டித் துண்டை நீட்டி அருகே அழைப்பது அவற்றுக்கும் நல்லதல்ல, விரல்களுக்கும் நல்லதல்ல. வழியில் மேய்ப்பர்கள் கட்டிய வட்டமான கற்குடில்கள் தென்படும். வட்டச் சுவர், மேலே கிளைகளால் வேய்ந்த கூம்புக் கூரை. இந்த வடிவத்தை மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. சு நுராஷியைச் சுற்றியுள்ள குடியிருப்பைப் புரிந்துகொள்ள உதவும்.

‘நுராகே’ என்பது சாந்தில்லாமல் கற்களை அடுக்கி எழுப்பிய கோபுரம். இத்தீவில் 7,000க்கும் மேற்பட்டவை இருந்ததாகக் கணக்கு. கட்டியவர்கள் எழுத்து எதையும் விட்டுச்செல்லவில்லை. பாருமினியில் இருப்பது 1950கள் வரை மண் மூடிய மேடாகவே கிடந்தது. அதைத் தோண்டி வெளிக்கொணர்ந்தவர் அதே ஊரில் 1914இல் பிறந்த தொல்லியலாளர் ஜொவான்னி லில்லியு. சிறுவயதில் பார்த்த மேட்டைப் பெரியவனானபின் தோண்டிப் பார்க்கும் வாய்ப்பு எல்லாத் தொல்லியலாளருக்கும் அமைவதில்லை.

கட்டடத்தை அருகில் போவதற்கு முன் வெளியே நின்று பார்க்க வேண்டும். நடுவில் உயர்ந்து நிற்பது மூலக் கோபுரம். பொ.ஆ.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டின் நடுப்பகுதியில் எழுந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று அறைகளுடன் 18 மீட்டருக்கு மேல் இருந்த இதன் உச்சி சரிந்து, இப்போது ஏறத்தாழ 14 மீட்டர் நிற்கிறது. சில நூற்றாண்டுகள் கழித்து அதைச் சுற்றி நான்கு மூலைக் கோபுரங்களும் அவற்றை இணைக்கும் சுவர்களும் சேர்ந்தன. பிறகு அந்தச் சுவர்களுக்கு மேலும் 3 மீட்டர் தடிப்பில் ஒரு கல் போர்வை. வெளியே ஏழு கோபுரங்கள் கொண்ட இன்னொரு மதில். கண் ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாகப் பிரித்தறியக் கற்றுக்கொண்டால் குவியல் கலைந்து கட்டடமாகும். அடிவரிசைக் கற்கள் பெரியவை, கரடுமுரடானவை. மேலே போகப் போகக் கல் சிறுத்து, செதுக்கலும் சீராகிறது. உச்சித் தளத்தைத் தாங்கிய கல் தாங்கிகள் சில கீழே விழுந்து கிடைத்தன. இழந்த உயரத்தையும் வடிவத்தையும் கணிக்க அவை உதவின.

உள்ளே வழிகாட்டியுடன்தான் அனுமதி. இக்காலப் படிக்கட்டில் சுவரின் மேல் ஏறி, குறுகிய செங்குத்துப் படிகளில் உள்முற்றத்துக்கு இறங்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களும் நெருக்கமான இடத்துக்கு அஞ்சுபவர்களும் முன்கூட்டியே யோசித்துக்கொள்வது நல்லது. பிறைவடிவ முற்றத்தில் ஏறத்தாழ 20 மீட்டர் ஆழக் கிணறு ஒன்று உண்டு. அங்கிருந்து மூலக் கோபுரத்தின் அடியறைக்குள் நுழைந்ததும் செய்ய வேண்டியது அண்ணாந்து பார்ப்பது. ஒவ்வொரு கல்வளையமும் கீழே உள்ளதைவிடச் சற்றே உள்நோக்கி நீண்டு, கடைசியில் உச்சியில் கூடிவிடுகிறது. வளைவுமில்லை, சாந்துமில்லை, கல்லின் எடையே கல்லைப் பிடித்து நிறுத்துகிறது. வழிகாட்டி அடுத்த அறைக்கு அழைக்கும்போது குழுவின் கடைசி ஆளாக நகர்ந்தால், பேச்சொலி அடங்கிய அறையில் அரை நிமிடம் கிடைக்கும்.

இது எதற்காகக் கட்டப்பட்டது என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. லில்லியு இதைக் கோட்டையாகப் பார்த்தார். பின்வந்தோரில் பலர் குலத்தின் அதிகாரச் சின்னம், கூடுமிடம், சேமிப்பிடம் என்றெல்லாம் சொல்கிறார்கள். கல் போர்வை போர்த்தியபோது தரைமட்ட வாயிலை அடைத்து, புது வாயிலைத் தரையிலிருந்து சுமார் 7 மீட்டர் உயரத்தில் வைத்திருக்கிறார்கள். விருந்தாளிகளை மட்டும் எதிர்பார்த்தவர்கள் இப்படிச் செய்திருக்க மாட்டார்கள் என்று தோன்றுகிறது.

மதிலைச் சுற்றி ஐம்பது வட்டக் குடில்களின் அடித்தளங்கள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. பெரும்பாலோர் இதை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். கோபுரத்துக்கு இணையான நேரம் இதற்கும் தகும். சுவரோரம் கல் திண்ணையும் மாடங்களும் உள்ள பெரிய குடில் ஊர்க்கூட்டம் நடந்த இடமாகக் கருதப்படுகிறது. பிற்காலத்தில் குடில்கள் உள்முற்றத்தைச் சுற்றிப் பல அறைகளாகப் பிரிந்ததையும் தரையிலேயே படிக்கலாம்.

அடுத்தது ஊருக்குள் இருக்கும் காசா சபாட்டா. 1541இல் இப்பகுதியின் பிரபுத்துவம் பெற்ற ஸ்பானிய வம்சாவளிக் குடும்பமான சபாட்டாக்கள் கட்டிய மாளிகை. 1990இல் சீரமைப்பு வேலையின்போது இதன் அடியில் இன்னொரு நுராகே இருப்பது தெரியவந்தது. பிரபுக்கள் பழைய கோபுரத்தின் மேலேயே வீட்டை எழுப்பியிருந்தார்கள். 2006இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் தொங்கும் நடைபாதைகளும் கண்ணாடித் தரையும் அமைத்து, நுராகேயை மேலிருந்து குனிந்து பார்க்க வழி செய்திருக்கிறார்கள். சு நுராஷியில் அண்ணாந்து பார்த்த கூம்பு இங்கே காலடியில், வெட்டித் திறந்த குடம்போல் கிடக்கிறது. அதனால் சு நுராஷியை முதலிலும் இதைப் பிறகும் பார்ப்பதே முறை. மூன்று நாணற்குழல்களைச் சேர்த்து, மூச்சை நிறுத்தாமல் சுழற்றி ஊதும் ‘லவுனெட்டாஸ்’ என்ற சார்தீனியக் குழலுக்கும் இங்கே இடம் உண்டு. வெளியே வந்ததும் தெருக்களில் நடந்தால், வளைவு வாயிலுக்குள் முற்றமும் தாழ்வாரமுமாக அமைந்த மார்மில்லா வீடுகளைக் காணலாம்.

மிச்ச நேரத்தில் இரண்டு ஊர்கள். பக்கத்திலுள்ள துயிலியின் புனித பேதுரு ஆலயத்தில் 1500இல் முடிக்கப்பட்ட பலிபீட ஓவியத் தொகுதி இருக்கிறது. வரைந்தவரின் பெயர் தெரியாததால் ‘காஸ்தெல்சார்தோவின் ஓவியர்’ என்றே கலைவரலாறு அழைக்கிறது. தெற்கே லாஸ் பிளாஸ்ஸாஸில், கூம்புக் குன்றின் உச்சியில் இடைக்காலக் கோட்டையொன்றின் சிதைவு. கோட்டையில் எஞ்சியது சொற்பம். ஏறுவது அங்கிருந்து ஜாராவின் முழு நீளத்தையும் காண்பதற்காக.

ஏப்ரலும் மே மாதமும் மிகப் பொருத்தமான காலம்: வயல் பச்சை, குட்டைகளில் தண்ணீர். ஜூலை, ஆகஸ்டில் நிழலற்ற கருங்கல் தணலாகக் காயும். இலையுதிர்காலத்தின் பிற்பகுதியில் போனால் அருகிலுள்ள துர்ரியில் குங்குமப்பூ அறுவடையைப் பார்க்கலாம். ‘மல்லொரெத்துஸ்’ என்ற உள்ளூர்ப் பாஸ்தாவில் அந்தப் பூவின் மஞ்சள் சேர்வதுண்டு. கல்யாரியிலிருந்து வரும் பேருந்துகள் சொற்பமே என்பதால் வாடகைக் கார் வசதி. ஒரே நாளில் முடிக்க நினைப்பவர்கள் காலையில் ஜாராவையும், பிற்பகலில் சு நுராஷியையும், கடைசியில் காசா சபாட்டாவையும் வைத்துக்கொள்ளலாம். ஓரிரவு தங்க முடிந்தால் துயிலியையும் லாஸ் பிளாஸ்ஸாஸையும் மறுநாளுக்குத் தள்ளிவிடலாம்.