மேஜையைத் தட்டியது யார்?

டாரதி சேயர்ஸின் ‘ஸ்ட்ராங் பாய்சன்’ 1930இல் வந்த துப்பறியும் நாவல். முன்னாள் காதலனை விஷம் வைத்துக் கொன்றதாக எழுத்தாளர் ஹாரியட் வேன் மீது வழக்கு. ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. மறுவிசாரணைக்குள் உண்மைக் கொலையாளி சிக்காவிட்டால் தூக்குதான்.

எனக்குப் பிடித்தவர் துப்பறியும் பீட்டர் விம்சி இல்லை. அவருக்காக வேவு பார்க்கப் போகும் மிஸ் கிளிம்ப்சன். சர்ச்சுக்குத் தவறாமல் போகிற, கல்யாணமாகாத, வயசான பெண்மணி. படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஒரு பாட்டியின் உயில் வேண்டும். பாட்டியைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸுக்கோ ஆவிகள் மேல் அபார நம்பிக்கை. அவ்வளவுதான், கிளிம்ப்சன் மீடியம் ஆகிவிடுகிறார். மறைத்து வைத்த சோப்பு டப்பா ‘டக் டக்’ என்கிறது. ஆவி ‘சொன்னதை’ நம்பி நர்ஸே உயிலைத் தேடுகிறார்.

விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம்தான் உறுத்தியது. எங்கள் தொழிலில் இதற்கு ‘சோஷியல் எஞ்சினியரிங்’ என்று பெயர்: பூட்டை உடைக்க வேண்டாம், சாவி வைத்திருப்பவரை நம்பவைத்தால் போதும். நர்ஸ் ஒன்றும் முட்டாள் இல்லை. முதல் உலகப் போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் இப்படி மேஜையைச் சுற்றி உட்கார்ந்த காலம் அது. ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த கானன் டாயிலே ஆவிகளை நம்பியவர்.

கிளிம்ப்சனுக்கு மனசாட்சி குத்துவதைச் சேயர்ஸ் காட்டுகிறார். அதுதான் இந்த நாவலை வெறும் ஜாலி மர்மக்கதைக்கு மேலே தூக்குகிறது. ஆனால் உயில் கிடைத்ததும் கதை நர்ஸை விட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. ஹாரியட் பிழைத்ததில் எனக்கும் சந்தோஷம்தான். இருந்தாலும், ஆவி ஏன் திரும்ப வரவில்லை என்று அந்த நர்ஸ் எத்தனை ராத்திரி மேஜை முன்னால் காத்திருப்பார்?