வளாகப் பாதுகாப்பு: சட்டத்தின் நோக்கும் வந்தாறுமூலையின் பட்டறிவும்

இலங்கைப் பல்கலைக்கழகங்களிற் பாதுகாப்பு என்ற பேச்செழும்போதெல்லாம் முதலில் எடுத்துக்காட்டப்படுவது 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டமாகும். பேராதனைப் பொறியியற்பீட மாணவன் வரப்பிரகாஷ் பகிடிவதையின் விளைவாக 1997இல் உயிரிழந்ததை அடுத்துப் பாராளுமன்றம் நிறைவேற்றிய இச்சட்டம், பகிடிவதையையும் கல்வி நிறுவனங்களில் நிகழும் ஏனைய வன்செயல்களையும் தடைசெய்கின்றது. அதன் வரைவிலக்கணம் பாராட்டுக்குரியது. உடற்காயம் மட்டுமன்றி உளக்காயம், மனவேதனை, அச்சம் என்பவற்றை விளைவிக்கும் செயலும் பகிடிவதையே என அது கொள்கின்றது. அச்சத்தையும் ஒரு தீங்காக ஏற்றுக்கொண்டமை சிறிய முன்னேற்றமன்று.

எனினும் தண்டனைகளை ஒப்புநோக்குவோர்க்கு ஒரு முரண் புலப்படும். பகிடிவதை புரிந்தோருக்கு உச்சத் தண்டனை 2 ஆண்டுச் சிறை. பாலியற்றொல்லையோ கடுங்காயமோ நேர்ந்தால் 10 ஆண்டுகள். கல்வி நிறுவனத்தின் உடைமைக்குச் சேதம் விளைவிப்போருக்கோ 20 ஆண்டுகள். அதற்குமேல் அபராதமும் உண்டு. ஒரு மாணவனின் உடலினும் ஒரு கட்டடத்தின் சாளரம் விலையுயர்ந்தது என்று சட்டம் வெளிப்படையாகக் கூறவில்லை. ஆனால் அதன் எண்கள் கூறுகின்றன. கட்டடங்களைப் பலவந்தமாகக் கைப்பற்றுதல், பணயமாக ஆட்களைப் பிடித்துவைத்தல் முதலியனவும் இதே சட்டத்தில் இடம்பெறுகின்றன. புதுமுக மாணவனின் அச்சத்தைப் போக்க எழுந்த சட்டத்தினுள், மாணவர் கூட்டத்தைக் கண்டு அரசு கொண்ட அச்சமும் உடன்புகுந்துவிட்டது எனலாம்.

இவ்வாறு நோக்குமிடத்து, வளாகம் என்பது யாது, அங்கே காக்கப்பட வேண்டியது எது என்ற வினா எழுகின்றது. இவ்வினாவை மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தில் வைத்து ஆராய்வதற்குத் தக்க காரணமுண்டு. 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி, 1986இற் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த வந்தாறுமூலை வளாகம், தோன்றிப் பத்தாண்டு நிறையுமுன்னரே அகதிமுகாமாக மாறிற்று. 1990இன் ஆனி, ஆடி மாதங்களில் மூண்ட போரிலே சுற்றுக் கிராமங்களின் மக்கள் பல்லாயிரவர் அங்கே அடைக்கலம் புகுந்தனர். பல்கலைக்கழகம் என்ற பெயரே தம்மைக் காக்கும் என அவர்கள் நம்பினர். செப்டெம்பர் 5ஆம் நாள் இராணுவத்தினர் அவ்வளாகத்தினுள் நுழைந்து, மக்களை வரிசையில் நிறுத்தித் தெரிந்தெடுத்து, 158 பேரைக் கொண்டுசென்றனர். அவர்கள் திரும்பவில்லை. அதே மாதம் 23ஆம் நாள் மேலும் 16 பேர் கொண்டுசெல்லப்பட்டனர்.

வேலி இருந்தது, வாயில் இருந்தது, பொறுப்பாளர்களும் இருந்தனர். இவற்றுள் எதுவும் தடுக்கவில்லை. எஞ்சியது பெயர்ப்பட்டியல் ஒன்றே. கொண்டுசெல்லப்பட்டவர் இன்னார் என்பது பதிவாகியிருந்தமையாலும், முகாம் பொறுப்பிலிருந்த விரிவுரையாளர்கள் பின்னர் ஜனாதிபதி ஆணைக்குழுவின் முன் சாட்சியமளித்தமையாலுமே அந்நிகழ்வு வெறும் வதந்தியாகக் கரைந்துபோகாது நின்றது. பட்டியல் எவரையும் மீட்கவில்லை என்பது உண்மை. ஆயினும் மறுப்போர்க்கு எதிராக நிற்கும் வலிமை அதற்கிருந்தது.

அதே 1990இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் பிறந்தமை இங்கு ஒப்பிடத்தக்கது. லீஹை பல்கலைக்கழக மாணவி ஜீன் கிளெரி 1986இற் தம் விடுதியறையிலேயே கொலையுண்டார். அவருடைய பெற்றோரின் இடையறாத முயற்சியால் நிறைவேறிய அச்சட்டம், தத்தம் வளாகங்களில் நிகழ்ந்த குற்றங்களின் கணக்கை ஆண்டுதோறும் வெளியிடுமாறு கல்வி நிறுவனங்களைப் பணித்தது. அதன் பயன்பற்றி அங்கும் கருத்து வேறுபாடுண்டு. ஆயினும் அறியும் உரிமை பாதுகாப்பின் ஒரு பகுதி என்பதை அது நிலைநாட்டியது. நமது 1998ஆம் ஆண்டுச் சட்டமோ தண்டிக்கும் அதிகாரத்தைத் தருகின்றதேயன்றி, நடந்ததை மாணவர்க்கும் பெற்றோர்க்கும் அறிவிக்கும் கடமையை நிறுவனத்தின்மேற் சுமத்தவில்லை. நிறுவனம் தன் நற்பெயரை எண்ணி மௌனமாயிருக்கலாம். சட்டம் அதனைக் கேள்வி கேட்காது.

சமூகமே தன்னைக் காத்துக்கொள்ளும் என்று கூறுவோரின் வாதமும் இங்கு முழுமையாக ஏற்கத்தக்கதன்று. படுவான்கரை வயல்களிற் காவற்பரணிலிருப்போர் இரவிலே ஒருவருக்கொருவர் குரல் கொடுப்பர். யானை எப்பக்கம் வந்தாலும் அடுத்த பரணுக்குச் செய்தி எட்டிவிடும். அழகிய முறைதான். ஆனால் அங்கே எல்லோரும் ஒரே வயலின் பங்காளிகள், வருவதும் யானை. வளாகத்திலோ ஊறு செய்பவன் பக்கத்து அறைச் சிரேஷ்ட மாணவனாக இருக்கின்றான். பகிடிவதை ஏற்றத்தாழ்வை அழிக்கும் கருவி என்று அவன் கூறும் நியாயம் நெடுங்காலமாகக் கேட்கப்படுவது. ஏழை மாணவனை முழந்தாளில் நிறுத்தி வளர்த்த சமத்துவம் எதுவென்று எவரும் காட்டவில்லை. சமூகம் என்ற சொல் யாரை உள்ளடக்குகின்றது என்பதும் நோக்கற்பாலது. போர்க்காலத்தில் முஸ்லிம் மாணவர் வந்தாறுமூலையிற் கற்க இயலாது இடம்பெயர்ந்தமை, 1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றுவதற்குக் காரணமாயிற்று. அம்மாணவரைப் பொறுத்தவரை எந்தப் பரணிலிருந்தும் குரல் எழவில்லை.

பதவியும் காப்பன்று. 2006இற் கலைப்பீடாதிபதி கடத்தப்பட்டு, துணைவேந்தர் பதவி விலக வேண்டுமெனக் கோரப்பட்டது. பேராசிரியர் சி. ரவீந்திரநாத் கொழும்பிலிருந்து பணியாற்ற நேர்ந்தது. அவ்வாண்டு டிசெம்பர் 15ஆம் நாள், பலத்த காவலுள்ள அந்நகரிலே விஞ்ஞானக் கூட்டமொன்றிற்குச் சென்றவர் காணாமற்போனார்.

1998ஆம் ஆண்டுச் சட்டத்திற் பயன்கொள்ளத்தக்க இன்னொரு சொற்றொடருமுண்டு. நிறுவனத்தின் உள்ளே நிகழ்ந்தாலும் வெளியே நிகழ்ந்தாலும் பகிடிவதை குற்றமே என அது கூறுகின்றது. செங்கலடியிலும் வந்தாறுமூலையிலும் வாடகையறைகளில் தங்கிப் படிக்கும் மாணவிக்கு இது பெரிதும் வேண்டப்படுவது. சட்டம் வாயிலைத் தாண்டிவிட்டது; காவலாளியின் பதிவேடு இன்னும் வாயிலோடு நிற்கின்றது. யார் எங்கே தங்குகின்றார், இரண்டு நாள் விரிவுரைக்கு வராதவரை யார் தேடிச் செல்வது, முறைப்பாடு எத்தனை வந்தது, எத்தனை விசாரிக்கப்பட்டது என்பவற்றைப் பீடந்தோறும் ஆண்டுக்கொருமுறை எழுதி அறிவித்தற் பலகையில் ஒட்டுவதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. ஒரு பேரவைத் தீர்மானம் போதும்.